மார்க்குக்காகப் படித்த பிரெஞ்சு

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கோடையில் டல்லாஸ் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். கனடா. அங்கே பாயிண்ட்ஸ் போட்டுத்தான் ஆளை எடுப்பார்கள். படிப்புக்கு இத்தனை, வயசுக்கு இத்தனை, வேலை அனுபவத்துக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை. கூட்டினால் அவர்கள் சொல்கிற அளவுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கை மாற்றப் போகிறார்கள், புதுச் சட்டம் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, காப்பெல் ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸே பரபரத்துக் கிடந்தது.

எங்கள் வீட்டில் அந்தப் பரபரப்பு ஒரு படி கூட. என் வீட்டுக்காரர் அப்போது பெஞ்சில் இருந்தார். அடுத்த பிராஜெக்ட் கிடைக்கும்வரை கம்பெனி ஆளைச் சும்மா உட்கார வைத்திருந்தால் அதற்குப் பெஞ்ச் என்று பெயர். ஒருநாள் பொறுமை இழந்து வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்றால் விசா போச்சு, மூட்டை கட்டவேண்டியதுதான். நானோ அவர் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள். எனக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. சென்னையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள், நாலு வருஷமாக சாம்பாரும் டயப்பருமாக இருந்தேன். கோபம் வராதா? வரும். வந்தால் பாத்திரம் கழுவும் சத்தம் பக்கத்து அபார்ட்மென்ட் வரைக்கும் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கிச்சனில் வைத்துவிட்டு, ஆண்கள் எல்லாரும் ஹாலில் கார்பெட் மேல் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். பேப்பர் பிளேட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பாயிண்ட்ஸ் கூட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பி.எஸ்சி. முடித்துவிட்டு, மவுண்ட் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமா வாங்கி, அதை வைத்தே இவ்வளவு தூரம் வந்தவர். பழைய கணக்கில் கம்ப்யூட்டர் வேலை என்றாலே அள்ளிக் கொடுப்பார்கள். புதுக் கணக்கில் என்ன வேலை என்பதற்குப் பாயிண்ட்ஸ் கிடையாதாம், படிப்புக்கும் மொழிக்கும்தான் அதிகமாம். அவர் கூட்டிப் பார்த்தால், வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறைந்தே நின்றது. திரும்பத் திரும்பக் கூட்டினால் மட்டும் ஏறிவிடுமா?

"நாளைக்கே போஸ்ட் பண்ணிடு மச்சான், ரூல் மாறுறதுக்குள்ள" என்றார் ஒருவர்.

"இப்ப அனுப்பினாலும் ஃபைலைத் தொறக்கிறப்ப எந்த ரூல் இருக்கோ அதுதானாம்" என்றார் இன்னொருவர்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது.  அவர் பேரில் நிரப்பிவைத்த அப்ளிகேஷன் கவருக்குள் தயாராக இருந்தது. அதை நம்பித்தான் நாங்கள் அந்த மாசம் முழுக்கத் தூங்கி எழுந்தோம்.

கிச்சனில் என்னோடு வடை தட்டிக்கொண்டிருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் அக்கா. அவர் தங்கை டொரொன்டோவில் இருந்தாள். ஹாலில் நடப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஆம்பிளையள் எல்லாரும் தங்கட பாயிண்ட்ஸை எண்ணிக்கொண்டிருக்கினம். உம்முடைய பாயிண்ட்ஸை ஆர் எண்ணினது?"

"எனக்கென்னக்கா பாயிண்ட்ஸ்? நான் வீட்டுல சும்மா இருக்கேன்."

"புருஷன் பெண்சாதி ரெண்டு பேரில ஆருக்குக் கூட வருதோ அவையின்ர பேரில போடலாம். நீர் என்ன படிச்சனீர்?"

"எம்.எஸ்சி. மேத்ஸ். அப்புறம் பி.எட்."

"படிப்பிச்சனீரோ?"

"கல்யாணமாகி இங்க வர்ற வரைக்கும்."

"பிரெஞ்சு தெரியுமோ? அதுக்கும் பாயிண்ட்ஸ் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரியும் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா? பிளஸ் டூவில் தமிழ் எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் அள்ளலாம் என்று எங்கள் ஸ்கூலில் பாதிப் பேர் பிரெஞ்சு எடுத்தோம். காலேஜிலும் அதே கதை. பாடத்துக்கு மேலே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, 'கடற்கரையில் ஒரு நாள்' என்ற கட்டுரையை ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவர்கள் நாங்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து நின்று மணி கேட்டால் கடற்கரையைப் பற்றித்தான் சொல்லியிருப்போம். ஆனாலும் ஐந்து வருஷம் படித்தது படித்ததுதானே.

கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் ஹாலுக்குப் போனேன். "அந்தப் பிளேட்டைக் குடுங்க" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"என்னை எண்ணிப் பாக்கணும்."

கணக்கு டீச்சருக்குக் கூட்டல் சொல்லித் தரவேண்டுமா? மடமடவென்று எழுதினேன். பிரெஞ்சுக்கு ரொம்ப ஆசைப்படாமல் கொஞ்சமாகத்தான் போட்டேன். அடியில் கோடு கிழித்துக் கூட்டியதும் எனக்கே நம்பிக்கை இல்லை. கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினேன். வேண்டிய அளவைத் தாண்டி நின்றது.  எல்லாரும் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த அதே புதுச் சட்டம்தான் என்னைத் தூக்கிவிட்டது. பழைய கணக்கில் ஸ்கூல் டீச்சருக்கு இடமே கிடையாதாம், அதை டாக்டர் அக்காதான் பின்னால் சொன்னார்.  கிச்சனில் வடை கருகிப்போச்சு, போகட்டும்.

"சிஸ்டர், மெயின் அப்ளிகன்ட்னா வழக்கமா ஹஸ்பண்டைத்தானே போடுவாங்க" என்று ஒருவர் மெதுவாக இழுத்தார்.

"அப்படின்னு எந்த ரூல்ல இருக்குங்க?" என்றேன். மனுஷன் எழுந்து தயிர்சாதம் எடுக்கப் போய்விட்டார்.

இவர் மட்டும் அந்தப் பிளேட்டை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புரோகிராமில் தப்பு தேடுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தப்பு இல்லை. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, "அப்ப நான் அனுப்ப வேண்டாமா?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

"வேண்டாங்க. புது ரூல் வரட்டும். நான் அனுப்பறேன்."

"அதுக்குள்ள என்னை வேலையை விட்டு எடுத்துட்டா?"

"எடுத்தா சென்னைல இருந்து அனுப்பறேன். பாயிண்ட்ஸ் என்ன ஊரை விட்டு ஓடியா போகும்?"

 திங்கட்கிழமை காலையில் அவரே கார் எடுத்து என்னை லைப்ரரிக்குக் கூட்டிப்போனார். பிரெஞ்சு கேசட் ஒரு செட் எடுத்து வந்தோம். அன்றிலிருந்து வீட்டில் தோசையும் பிரெஞ்சில்தான் வெந்தது. அடுப்படியில் நின்றாலும், ஃப்ரீவேயில் போனாலும் என் வாய் ஓயவில்லை. என் மூன்று வயசு மகள் காதைப் பொத்திக்கொண்டு "அம்மா, ஸ்டாப் டாக்கிங் லைக் தட்" என்பாள். நான் விடுவேனா? நாலு வருஷம் கழித்து, பிரெஞ்சு தெரியும் என்று காட்ட ஒரு பரீட்சை வந்திருக்கிறது. பரீட்சை என்றால் எனக்குப் பாயசம். கனடாவுக்குப் போனாலும் ஸ்கூலில் டீச்சராகச் சேர மறுபடி ஏதோ கோர்ஸ் படிக்கவேண்டும் என்றார்கள். படித்தால் போச்சு. ஒரு கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நிற்கப்போகிறேன் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் காலிங் கார்டு போட்டுச் சென்னைக்குப் பேசினோம். ஸ்பீக்கரில் என் மாமியார் எடுத்த எடுப்பில், "என்னடா, உன் கனடா என்னாச்சு?" என்றார்.

இவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என் கனடா இல்லம்மா. அவ பேர்லதான் போடறோம். அவளுக்குத்தான் பாயிண்ட்ஸ் வருது. நான் அவகூடப் போறேன்."

 கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அவகிட்ட குடு" என்று கேட்டது.

என்ன சொல்லப்போகிறாரோ என்று வெங்காயக் கையோடு போய் நின்றேன்.

"உன் சர்டிஃபிகேட்டெல்லாம் இங்க என் பீரோலதான் இருக்கு, தெரியுமில்ல? நீ வச்சுட்டுப் போனது. வருஷா வருஷம் பூச்சி அரிக்காம வேப்பிலை மாத்தி வச்சிருக்கேன். வேணுமா?"

 அமெரிக்காவில் இதற்கென்ன வேலை என்று நானே கைகழுவிவிட்டு வந்த காகிதங்கள் அவை.

"வேணும் அத்தை."

"நாளைக்கே கூரியர்ல போடறேன். அவன் பேருக்குத்தானே அனுப்பணும்?"

அதுநாள்வரை அந்த வீட்டுக்கு வந்த எல்லாமே அவர் பேருக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

"என் பேருக்கே அனுப்புங்க அத்தை" என்றேன்.