மோட்டர் ஓடாத ஒரு நிமிடம்

நேற்றுக் காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் துடைப்பது என் வழக்கம். துடைத்த நாளை நாட்குறிப்பில் எழுதுவதும் வழக்கம். நீங்கள் சிரிப்பது தெரிகிறது, சிரியுங்கள். மூலையில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தைத் துடைத்து வைப்பேனே தவிர, இத்தனை வருடமாகத் திறந்ததில்லை. நேற்று மூடி கொஞ்சம் துருவேறியிருந்ததால் திறந்து பார்த்தேன். உள்ளே ஒலிவாங்கியின் தலையில் காற்று அடிக்காமலிருக்க மாட்டும் கறுப்புப் பஞ்சுத் தொப்பி. எடுத்ததும் விரல்களுக்கிடையில் தூளாகிவிட்டது. மணம் மட்டும் தூளாகவில்லை. பழைய றப்பர், உப்புக்காற்று, அவற்றுக்கு அடியில் வெற்றிலை.

வெற்றிலை நவ்ஃபர் நானாவுடையது. கிண்ணியாவிலிருந்து வருவார். பேட்டி எடுக்கும்போதும் கன்னத்தில் ஒரு பக்கம் வெற்றிலை ஒதுங்கியிருக்கும். கடலைக் கடக்கப் பாலமில்லாமல் படகுப்பாதை ஓடிய காலத்தில், பிந்தி வந்தால் "பாதை பிந்திப்போச்சு" என்று சொல்லித் தப்பிவிடுவாராம். எங்கள் குழுவுக்கு அவர் வந்தபோது பாலம் திறந்து ஒரு வருடமாகியிருந்தது. "பாலம் வந்து என்ட பொழப்பக் கெடுத்துட்டு. இப்ப பிந்தினா பிந்தினதுதான்" என்பார்.

குழு என்றால் மூன்று பேர். பொது வானொலியின் பிராந்திய நிலையத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு சின்ன அறை. கதவில் "புலனாய்வுச் செய்திக் குழு" என்று ஒட்டியிருந்தது. அந்த எழுத்துகள் எங்கள் மூவரையும்விட அகலம். செய்தி தேடிப் போவது நவ்ஃபர் நானா. ஒலிப்பதிவும் தொகுப்பும் நான். குழுவுக்குப் பொறுப்பு ஜெனிற்றா மிஸ். என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை 'அண்ணன்' என்றும், என்னைவிட மூத்த நவ்ஃபர் நானாவை முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல 'நானா' என்றும் கூப்பிடுவார்; மிஸ்ஸைக் கேட்டு நானாவும் என்னை 'அண்ணன்' என்பார். லிங்கநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தால் கந்தோர், அதாவது அலுவலகம், தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்: "இதை ஆர் கண்டது?" எழுத்துப்பிரதியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கண்ணால் கண்டவரின் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டமாட்டார். விரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். ஒருமுறை நவ்ஃபர் நானா "மக்கள் கொதித்தெழுந்தனர்" என்று எழுதிக்கொண்டு வந்தார். விரல் அந்த வரியில் நின்றது.

"எத்தினை பேர் நானா?"

"ஒரு ஏழு பேர் இருக்கும் மிஸ்."

விரல் நகரவில்லை.

"அதுல ரெண்டு பேர் பஸ்ஸுக்கு நிண்ட ஆக்கள்" என்றார் நானா.

அன்று ஒலிபரப்பானது, "ஐந்து பேர் வந்து முறையிட்டார்கள்" என்பது.

இன்னொரு வழக்கமும் அவருடையதுதான். எங்கே ஒலிப்பதிவு செய்தாலும், பேச்சு முடிந்தபின் யாரும் வாய்திறக்காமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பதிவுசெய்ய வேண்டும். தொகுக்கும்போது இரண்டு பேச்சுக்கிடையில் வெட்டுத் தெரியாமலிருக்க அந்த வெறும் சத்தம் உதவும். வானொலிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். மற்றவர்கள் நேரமிருந்தால் செய்வார்கள். மிஸ் ஒருநாளும் விட்டதில்லை. அதற்கு 'சும்மா நிமிசம்' என்று பெயரும் வைத்திருந்தார். முன்பின் தெரியாதவர்களோடு அப்படி நிற்பது லேசான காரியமல்ல. சிலருக்குச் சிரிப்பு வரும். மூதூரில் ஒரு அம்மா, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தார். மான்கள் திரியும் கோட்டைப் பக்கம் ஒருநாள் நாங்கள் சிலைபோல் நின்றதைச் சாட்டாக எடுத்து, ஒரு மான் வந்து என் கையிலிருந்த எழுத்துப்பிரதியைத் தின்றது. சும்மா நிமிடத்தில் அசையக்கூடாது என்பதால் நான் கொடுத்துக்கொண்டு நின்றேன். நாட்குறிப்பில் இருக்கிறது: "மான் ஒன்று. இரண்டாம் பக்கம் முழுவதும்."

ஒவ்வொரு சும்மா நிமிடத்தையும் கேட்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி நாட்குறிப்பில் எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது.

இனித் தங்கராசா அண்ணனுக்கு வருகிறேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு குடியேற்றக் கிராமம். பெயர் நாட்குறிப்பில் இருக்கட்டும், இங்கே வேண்டாம். அங்கே ஒரு சின்னக் குடிநீர்த் திட்டம்: ஒரு கிணறு, ஒரு மோட்டர், ஒரு தண்ணீர்த் தாங்கி, குழாய்கள். குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று சனம் சொன்னது. மோட்டர் தினமும் காலையில் இரண்டு மணித்தியாலம் ஓடுகிறது, புத்தகத்தில் பதிந்திருக்கிறது, சனம்தான் குழாயை உடைக்கிறது என்று திட்டத்துக் கந்தோர் சொன்னது. அந்தப் புத்தகத்தை எழுதுகிறவர் மோட்டரைப் பார்த்துக்கொள்ளும் தங்கராசா அண்ணன். மோட்டர் எரிந்து இரண்டு மாதம் என்றும், 'ஓடியது' என்று எழுதச் சொல்லி மேலிடம் சொன்னதால் எழுதினேன் என்றும் அவர் நவ்ஃபர் நானாவிடம் சொல்லியிருந்தார்.

மூவரும் மோட்டர் அறைக்குப் போனோம். கருவியை நான் திறக்குமுன் மிஸ் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணன், நீங்கள் கதைச்சால் வேலைக்குக் கரைச்சல் வரலாம். அதை என்னால நிற்பாட்ட ஏலாது. வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ, நாங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறம்."

அவர் எரிந்த மோட்டரைக் காட்டினார். "ஓடாத மோட்டரை ஓடினது எண்டு எழுதி எழுதிக் கை கூசுது பிள்ளை. கதைக்கிறன்."

பதினொரு நிமிடம் பேசினார். பிறகு சும்மா நிமிடம். கவிழ்த்த வாளியொன்றின் மேல் முழங்காலில் கையை ஊன்றியபடி, படம் பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

இப்போது என் பிழை. தொகுக்கும் நாளில் மிஸ் ஒரு கூட்டத்துக்காக மட்டக்களப்புக்குப் போயிருந்தார். பேட்டியைக் கேட்டேன், வறண்டு கிடந்தது. மோட்டரைப் பற்றிய நிகழ்ச்சியில் மோட்டர் சத்தமே இல்லையே என்று ஒரு யோசனை. வேறொரு ஊரில் முன்பு பதிந்த மோட்டர் சத்தம் என்னிடம் இருந்தது, 'கடகட' என்று நல்ல உயிருள்ள சத்தம். அதை முன்னுரைக்கு அடியில் போட்டேன். முன்னுரை முடிந்ததும் சட்டென்று நிறுத்தினால் காதில் இடிக்கும் என்பதால், தங்கராசா அண்ணனின் முதல் மூன்று வசனங்களுக்கு அடியிலும் மெல்ல ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இல்லாமலாக்கினேன். அழகாக வந்தது. பெருமையாகவும் இருந்தது. மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். பேருந்துக்குள் இருந்து கேட்டவருக்கு அந்த மெல்லிய சத்தம் எட்டவில்லை. "ஓம், போடுங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலை ஒலிபரப்பானது. அடுத்த வியாழன் திட்டத்துக் கந்தோரிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தது: மோட்டர் ஓடவில்லை என்று தங்கராசா சொல்கிறார். அவர் சொல்லும்போதே பின்னால் மோட்டர் ஓடுவது உங்கள் ஒலிபரப்பில் தெளிவாகக் கேட்கிறது. பொய் சொல்லித் திட்டத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதால் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறோம்.

மிஸ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அண்ணன், அந்தச் சத்தம் எங்கத்தையது?"

நாட்குறிப்பை எடுத்து விரித்துக் கொடுத்தேன். எல்லாம் இருந்தது: எந்த ஊர் மோட்டர், எத்தனை மணிக்குச் சேர்த்தேன், எத்தனையாவது வினாடியில் தேய்ந்து முடிகிறது. கடைசியில் "நன்றாக அமைந்தது" என்றும் எழுதியிருந்தேன்.

நவ்ஃபர் நானா எட்டிப் பார்த்தார். "உலகத்துல களவெடுத்துட்டு ரசீது எழுதி வெச்ச ஒரே ஆள் நீங்கதான் அண்ணன்."

யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

நிலையப் பொறுப்பாளர் நல்ல மனிதர். செய்தி முடிவில் ஒரு வரி வருத்தம் சொல்லிவிடலாம் என்றார். மிஸ் சம்மதிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை, அதே நேரம், அதே நிகழ்ச்சியில் திருத்தம் சொல்ல வேண்டும். அத்தோடு மோட்டர் அறையின் சும்மா நிமிடத்தை முழுதாகப் போட வேண்டும் என்றார்.

"ஒரு நிமிசம் சத்தமில்லாமலோ? ஜெனிற்றா, ரேடியோவில ஒரு நிமிசம் எண்டால் ஒரு வருசம்."

"அந்த மனுசனுக்கு வேலை இல்லாமல் போன ஒவ்வொரு நாளும் ஒரு வருசம்தான் சேர்" என்றார் மிஸ்.

அதற்கு முன் தங்கராசா அண்ணனின் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவி இரண்டு கலன்களோடு படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "தண்ணிக்குப் போறன். மன்னிப்புக் கேக்கிறதெண்டால் அவரிட்டக் கேளுங்கோ. எனக்கு நேரமில்லை." தங்கராசா அண்ணன் முற்றத்தில் நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். நான் நினைத்ததுபோல அவர் ஏசவில்லை.

"தம்பி, நான் ரெண்டு மாசம் ஓடாத மோட்டரைப் புத்தகத்தில ஓட்டினனான். நீங்கள் ரேடியோவில ஓட்டினீங்கள். நானெண்டால் ஆக்கள் சொல்லித்தான் செய்தனான். உங்களுக்கு ஆர் சொன்னது?"



சனிக்கிழமை. ஒலிபரப்பில் பத்து வினாடிக்கு மேல் சத்தம் குறைந்தால், பழுது என்று நினைத்துத் தானாகவே வாத்திய இசையைப் போடும் ஒரு கருவி நிலையத்தில் உண்டு. அந்த ஒரு நிமிடமும் விசையை அழுத்தி அதை நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஸ், முன்னால் ஒரே ஒரு தாள்.

"போன கிழமை நீங்கள் கேட்ட மோட்டர் சத்தம் வேறொரு ஊரில் பதிந்தது. அதைச் சேர்த்தது எங்கள் குழு. கேட்டுச் சரி என்று சொன்னது நான். தங்கராசா சொன்னது உண்மை. அன்று அந்த மோட்டர் அறையில் நாங்கள் பதிந்ததை இப்போது அப்படியே போடுகிறோம்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு அந்த நிமிடம். விசையை அழுத்திய என் விரல் வெளிறியது. காகம் கரைந்தது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. தகரக் கூரை வெயிலில் 'டக்' என்றது. தங்கராசா அண்ணன் ஒருமுறை இருமினார். மீண்டும் சொட்டு. நாற்பதாவது வினாடியில் பொறுப்பாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்ப மூடினார். மிஸ் கண்ணை மூடவில்லை. சுவரிலிருந்த மணிக்கூட்டையும் பார்க்கவில்லை. தங்கராசா அண்ணன் வாளியில் இருந்த மாதிரியே, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தார்.

முதல் அழைப்பை நவ்ஃபர் நானா எடுத்தார். "ரேடியோ பழுதாப் போச்செண்டு ரெண்டு தட்டுத் தட்டினனான்" என்றாராம் ஒருவர். இரண்டாவது அந்தக் கிராமத்திலிருந்து, ஒரு பெண். "இதைத்தான் நாங்கள் ரெண்டு மாசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம்" என்றுவிட்டு வைத்துவிட்டாராம்.

அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து ஆட்கள் போய் மோட்டர் அறையைத் திறந்து பார்த்தார்கள். எரிந்த மோட்டரைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தங்கராசா அண்ணனை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். புது மோட்டர் வர இன்னும் ஐந்து கிழமை பிடித்தது. ஒரு காலை 7.05க்கு அறைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. 'கடகட' என்ற சத்தம் மட்டும். நான் மிஸ்ஸிடம் நீட்டினேன். அவர் கேட்டார், நவ்ஃபர் நானாவிடம் கொடுத்தார். மூவரும் மாறிமாறி, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டோம். எவ்வளவு நேரம் என்று நான் எழுதவில்லை. அந்த நாட்குறிப்பில் எத்தனை நிமிடம் என்று குறிக்காத நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

ஒரு குழுவை நடத்துவது பற்றி யாராவது பேசினால் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். மிஸ் அந்தப் பிழையை என் தலையில் இறக்கியிருக்கலாம், நியாயமாகவும் இருந்திருக்கும். அதன் பிறகு நான் ஒரு தும்மலைக்கூட இடம்மாற்றிப் போட்டதில்லை.

அந்த அறை இப்போது இல்லை. சுவரை இடித்துப் பக்கத்து அறையோடு சேர்த்துவிட்டார்கள். குழுவைக் கலைத்தபின் மிஸ் பிள்ளைகளோடு கடல்கடந்து போய்விட்டார். சும்மா நிமிடங்கள் எல்லாம் இருந்த கணினி ஒருநாள் பழுதாகி அவையும் அழிந்துபோயின. திருத்த வந்தவர் "வெறும் சத்தம்தானே" என்று கேட்டார். தங்கராசா அண்ணன் காலமாகிவிட்டார். அவருடைய நிமிடத்தில் காகம் இரண்டு, சொட்டு ஒன்பது, இருமல் ஒன்று என்று என் நாட்குறிப்பு சொல்கிறது. இருமல் எப்படி இருந்தது என்று அது சொல்லாது.

நேற்று அந்தப் பஞ்சுத் தொப்பியின் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, நவ்ஃபர் நானாவுக்குச் சொன்னேன். அன்புவழிபுரத்தில் என் வீட்டு வாசலில் நின்று, தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பினேன். அவரும் குரலிலேயே பதில் அனுப்பினார். வெற்றிலைக் குரல், மாறவில்லை. ஆனால் பின்னால் ஒன்றுமே இல்லை. மூடிய பெட்டிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கிண்ணியாப் பாலத்துல அண்ணன். காத்து ஆளைத் தூக்குது. கேக்கல்லியா?"

இப்போதைய தொலைபேசிகள் பின்னணிச் சத்தத்தைத் தாங்களாகவே துடைத்துவிடுகின்றனவாம்; தங்கையின் மகள் சொன்னாள். மறுபடி காதில் வைத்து, அவர் பேசி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் எழுதினேன்: "காலை 9.20. நவ்ஃபர் நானா, பாலத்தில். காற்று இல்லை."