விவெட் எழுதிய கடைசிப் பத்தி

விவெட் ஹார்ஜ்ரோவ் பயந்த சுபாவம் உள்ளவர். வெளியூர் புறப்பட்டால் கதவைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறுவார், இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், ஏறுவார், மறுபடியும் இறங்குவார். உணவகத்தில் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். பெட்ரோல் பங்கில் அவித்த வேர்க்கடலை வாங்கும்போதுகூட வண்டிச் சாவி விரலிடுக்கில் ஆணிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, அடுத்தவர் துணிச்சலுக்குச் சிபாரிசு எழுதுவது.

பணமுள்ள சில குடும்பங்களுக்கு, ஜனங்கள் வாக்களிக்கப் போவதற்கு உதவ வேண்டும் என்று ஆசை இருக்கும். யாரிடம் கொடுத்தால் உருப்படும் என்று தெரியாது. அது விவெட்டுக்குத் தெரியும். தெற்கு ஜார்ஜியாவில் எந்தத் தேவாலயத்தின் பின்னறையில் எந்தப் பெண்மணி வாக்காளர் பதிவுப் படிவங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். நேரில் போவார், இரண்டு நாள் கூடவே சுற்றுவார், திரும்பி வந்து இரண்டு பக்கப் பரிந்துரைக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பை நம்பித்தான் குடும்பங்கள் கொடுத்தன. கொடைப் பணத்தில் கட்சி பேசக்கூடாது என்பது சட்டம்; இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று எங்கள் தரப்பில் ஒருவர் வாய் திறந்தாலும் போச்சு. கொடுத்தவர், வாங்கியவர், நடுவில் நின்ற நாங்கள், எல்லாருக்கும் வம்பு. "வாசல் வரைக்கும்தான் நம்ம வேலை, கீனன். உள்ளே போய்ட்டா அவங்களாச்சு, கடவுளாச்சு" என்பார்.

கீனன் நான்தான். கடலைக்காட்டு நடுவே தகரக் கொட்டகை வீட்டில் வளர்ந்தவன், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தை அம்மா வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறாள். தபால்காரர்கூட அதைப் பார்க்காமல் போக முடியாது. அட்லாண்டாவில் விவெட்டின் இரண்டு அறை அலுவலகக் கதவில் என் பெயரும் உண்டு, ஆலோசகர் என்று. இங்கே எழுதும் பெயர்களையும் இடங்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. குறிப்பின் கடைசிப் பத்தியில் ஒரு முகம் வரவேண்டும். எத்தனை வாக்காளர், எத்தனை மைல் என்பதையெல்லாம் பணக்காரர்கள் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரு மனுஷியின் முகத்தை மறக்கமாட்டார்கள். அந்தப் பத்தியை எழுதுவதில் விவெட்டை அடிக்க ஆள் கிடையாது. சென்ற கோடையில் அவர் எழுதியது மிஸ் ஆர்னெட்டா சைக்ஸைப் பற்றி. அறுபத்தேழு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். தேர்தல் நாளுக்கு முன்கூட்டியே வாக்களிக்க அனுமதி உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை முடிந்ததும் தேவாலய வேனில் கார் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு பத்தொன்பது மைல் தள்ளியிருக்கும் தேர்தல் அலுவலகத்துக்குப் போவார். அந்தத் தேவாலயத்தின் பச்சைக் கூரை, அவர் வீடு இருக்கும் சாலை, முன்வாசலில் காயும் பாகற்காய் நிறத் துண்டு எல்லாம் பத்தியில் வந்தன. "வேனோட நிறத்தையும் போடுங்க, கண்ணு முன்னாடி நிக்கும்" என்று சொன்னவன் நான். போட்டார்.

கொடை தந்த குடும்பத்தின் அலுவலகம் அந்தப் பத்தியில் மயங்கி, எங்களைக் கேட்காமலே தங்கள் இணையதளத்தில் ஏற்றிவிட்டது. பெயரோடு.

அக்டோபரில் மிஸ் ஆர்னெட்டா கூப்பிட்டார். விவெட் ஒலிபெருக்கியில் போட்டார்.

"கண்ணு, போட்டோக்காரன் யாரையாவது நீங்க அனுப்பினீங்களா?"

"இல்லையே, மிஸ் ஆர்னெட்டா. ஏன்?"

"எதிர்த்தாப்ல சாம்பல் கலர் பிக்கப் வண்டி ஒண்ணு மூணு நாளா நிக்குது. உள்ளே இருக்கறவன் வீட்டைப் படம் எடுக்கறான். நான் தலையில முடி சுருட்டற ரோலரை மாட்டிக்கிட்டு குப்பை கொட்ட வந்தேன், அதையும் எடுத்துட்டான். சொல்லியிருந்தா தலையாவது சீவியிருப்பேன்ல." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "இப்பவும் நிக்குது."

விவெட்டின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அந்த ஊர்க் காவலைப் பார்க்கும் ஷெரிப் அலுவலகத்துக்கு நான் கூப்பிட்டேன். "ரோடு பொது. நிக்கறது குத்தமில்லை, தம்பி" என்றார்கள்.

மறுநாள் காலையே இருவரும் கிளம்பினோம். அன்று பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிக்கப் இல்லை. அது நிற்காத வெற்றிடம் அதைவிடப் பயமாக இருந்தது. மிஸ் ஆர்னெட்டா ஒரு தாளை நீட்டினார். காலையில் தபால்பெட்டியில் கிடந்ததாம். அதில் இருந்தது விவெட்டின் பத்தி. பெயர், சாலை, ஞாயிறு மதியம், வேனின் நிறம், 'தனியாக வசிக்கிறார்' ஆகிய இடங்களில் மஞ்சள் கோடு. அடியில் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை.

விவெட் படித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார் மிஸ் ஆர்னெட்டா. "படிச்சப்ப எனக்கே என் மேல மரியாதை வந்துச்சு."

"மன்னிச்சிடுங்க" என்றார் விவெட். "இந்த ஞாயித்துக்கிழமை போகாதீங்க. பாஸ்டர்கிட்ட நான் பேசறேன்."

"போகலைன்னா பதினோரு பேரு போகமாட்டாங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம் இல்லாம என்ன? ராத்திரி குளியல் தொட்டியில தலகாணி போட்டுத்தான் படுக்கறேன். அங்கேதான் ஜன்னல் இல்லை."

கொடைக் குடும்பத்தின் பேத்தி ஹாலியிடம் விவெட் பேசினார். பத்தியை உடனே எடுத்துவிட்டார்கள். ஆனால் அது ஏற்கெனவே எங்கெங்கோ போய்விட்டது. ஹாலி அழுதாள். "நாலு பாதுகாவலர்களை அனுப்பட்டுமா? செலவு எங்களோடது" என்றாள்.

"துப்பாக்கி வெச்சவங்க சர்ச் வாசல்ல நின்னா எங்க ஜனங்க வேன்ல ஏறுவாங்கன்னா நினைக்கிறீங்க? ஓடிடுவாங்கம்மா" என்றார் விவெட்.

போனை வைத்துவிட்டு மிஸ் ஆர்னெட்டாவிடம் சொன்னார்: "முன் சீட்ல நான் உக்காந்து வர்றேன்." சொன்னவருக்கே அது யாரோ சொன்னதுபோல் இருந்திருக்க வேண்டும்; உடனே தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கூரையின் கீழே பதினோரு பேருக்காகக் காத்திருந்தோம். மூன்று பேர் வந்தார்கள். எண்பத்தொரு வயது மிஸ்டர் கிளியோபஸ், கோழிப்பண்ணையில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகள். மற்றவர்களுக்கு முழங்கால் வலி, விருந்தாளி, இருமல். யாரும் பிக்கப் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு மைல் போனதும் கண்ணாடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. மிஸ் ஆர்னெட்டா வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. விவெட் இருக்கைப் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பருத்திக் காடு, பீக்கன் கொட்டை மரத்தோப்பு, மறுபடி பருத்திக் காடு. பத்தொன்பது மைல் அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தேர்தல் அலுவலக வளாகத்தில் பிக்கப்காரன் இறங்கினான். நாற்பது வயதுக்காரன், சலவை செய்த சட்டை, எங்கள் பக்கத்து ஆள் போலத்தான் இருந்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தான். வரிசையில் நிற்பவர் கையில் நாங்கள் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தால்கூட எங்கள் மாநிலத்தில் வழக்கு வரும். ஒரு தப்பான சொல் கிடைத்தால் அவனுக்குப் போதும்.

அந்த நேரம் பார்த்து, காது மந்தமான மிஸ்டர் கிளியோபஸ் ஊருக்கே கேட்கும்படி கேட்டார்: "ஆமா ஆர்னெட்டா, நாம யாருக்குப் போடணும்?"

செல்போன் மிஸ் ஆர்னெட்டாவின் முகத்துக்கு நேரே வந்தது.

"எங்கிட்ட ஏன்யா கேக்கறீங்க?" என்று கத்தினார் மிஸ் ஆர்னெட்டா. "அம்பது வருஷம் பொண்டாட்டி சொன்னதைக் கேட்டீங்க. அவ போயாச்சு, இன்னிக்காவது சொந்தமா யோசிங்க!"

வரிசை சிரித்தது. பிக்கப்காரன் சிரிக்கவில்லை. மிஸ் ஆர்னெட்டாவை இன்னும் நெருங்கினான். நடுவில் விவெட் போய் நின்றார்.

"அந்தப் பத்தியை எழுதினது நான். என் பேர் விவெட் ஹார்ஜ்ரோவ். உங்களுக்கு யார் மேலயாவது கோவம்னா, அது நான்தான்."

அவன் செல்போனை அவர் பக்கம் திருப்பினான். "ரொம்ப சந்தோஷம், மேடம். உங்க வீடு எங்கே இருக்கு?"

விவெட் வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார், நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அவன் பத்து எண்ணும் நேரம் காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சிரித்து, "அவங்க வீட்டை மட்டும் சொல்லிட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பிக்கப்பில் ஏறினான். விவெட் வேனின் மறுபக்கம் போய் வாந்தி எடுத்தார்.

மூவரும் வாக்களித்தார்கள். அவர்களை வீட்டில் விட்ட பிறகு மிஸ் ஆர்னெட்டா தன் சாலைக்குத் திரும்பவில்லை. "லூசில் வீட்டுக்குப் போறேன்" என்றார். அடுத்த மாவட்டத்தில் இருக்கும் தங்கை. "துணிமணி, ரத்தக்கொதிப்பு மாத்திரை எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கு. என்னால அங்கே கால் வைக்க முடியாது, கண்ணு."

"சாவியைக் குடுங்க" என்றார் விவெட்.

"நான் போறேன்" என்றேன்.

"நீ காரை ஆன்ல வெச்சு உக்காரு."

மிஸ் ஆர்னெட்டா வேனில் தங்கை வீட்டுக்குப் போக, நாங்கள் எங்கள் காரில் அவர் வீட்டுக்குப் போனோம். எதிரே பிக்கப் நின்றிருந்தது. விவெட் அதைப் பார்க்காமல் படியேறினார். சாவி துவாரத்தில் இரண்டு தடவை தப்பியது. உள்ளே போனார். ஒவ்வொரு அறையாக விளக்கு எரிந்து அணைந்தது. ஆறு நிமிடத்தில் பையோடு வந்து காரில் விழுந்தார். "போ, போ."

"ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். நான் கதவில் கை வைப்பதற்குள் இறங்கிவிட்டார். பிக்கப்பின் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. விவெட்டுக்குக் கேட்டது. நின்றார், பிறகு படியேறினார். திரும்பி வந்தபோது மாத்திரை டப்பாவை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

லூசில் வீட்டுச் சமையலறையில் மிஸ் ஆர்னெட்டா பையைக் கவிழ்த்தார். ஜோடி சேராத இரண்டு செருப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, மூன்று மேசைவிரிப்பு, ஒரு டப்பா மக்காச்சோள மாவு.

"உள்பாவாடை ஒண்ணுகூட இல்லை! மேசைவிரிப்பைச் சுத்திக்கிட்டா நான் படுக்கறது?"

லூசில் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்தாள். விவெட்டும் சிரித்தார், கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே சாலையில் இருந்தது. யாரும் வரவில்லை. வராததும் ஒன்றும் ஆறுதலாக இல்லை.

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து, பதினாறு வருடக் குறிப்புகளில் பெயர் வந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னார்: உங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன், எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியாது, கதவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் திட்டினார்கள். இப்போது விவெட்டின் குறிப்புகளில் கடைசிப் பத்தி கிடையாது. முகம் இல்லை என்று இரண்டு குடும்பங்கள் வேறு ஆலோசகரிடம் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை மிஸ் ஆர்னெட்டா கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு. நான் லூசில் வீட்லேருந்து நேரா வந்துடறேன். அந்த எட்டுப் பேர்கிட்டயும் பேசிட்டேன், அஞ்சு பேரு வர்றேன்னாங்க. நீ வர்றியா?"

விவெட் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"சர்ச் வாசல்ல எத்தனை மணிக்கு நிக்கணும்?" என்று கேட்டார்.