இரண்டு டிரம்பெட் கேட்ட கல்யாணம்

டிரம்பெட் ஊதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை மென்று முழுங்கிச் சொல்ல வேண்டிய வயதை நான் தாண்டிவிட்டேன். புதுக்கோட்டையில் ஒரு பேண்டு செட்டில் பல வருஷம் கிளாரினெட் வாசித்தவன் நான். அந்த வருஷங்கள் பூராவும் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் இடது காது மந்தமானதற்கும் அவர்கள்தான் காரணம்.

பாட்டு முழுக்க நாங்கள் வாசிப்போம். கிளாரினெட்காரனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. டிரம்பெட்காரர் நடுநடுவே நாலு இடத்தில் பளீரென்று ஒரு முழக்கம் முழங்கிவிட்டு வாத்தியத்தை இறக்கி, சட்டைக் கையால் அதைத் துடைத்துக்கொண்டு, மாடியில் நிற்கிற பெண்களைப் பார்ப்பார். கூட்டம் அவரைப் பார்க்கும். அந்தக் குழாயில் எச்சில் தேங்கும். அதை வடிப்பதற்கென்றே கீழே ஒரு திருகு உண்டு. ஒரு பாட்டு முடிந்ததும் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல், போட்ட கோலத்தின் மேலேயே வடித்துவிட்டு நகர்வார்கள். வீட்டுக்காரம்மா வந்து என்னைத்தான் திட்டுவாள்.

வீட்டிலும் அதே அலட்டல்தான். உதட்டுக்கு வெண்ணெய் தடவுவார்கள். காரம் ஆகாது, சுடச்சுடக் காப்பி ஆகாது. எங்கள் செட்டின் பழைய டிரம்பெட்காரர் வீட்டில் விறகு ஈரமாக இருந்து அடுப்பு புகைந்தால் ஊதாங்குழலைத் தொட மாட்டார், உதடு போய்விடுமாம். அவர் மனைவி இருமிக்கொண்டே ஊதுவாள். ஊருக்கெல்லாம் ஊதுகிற மனுஷன் சொந்த அடுப்புக்கு ஊதாததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பழையவர் சமஸ்தான காலத்து ஆள். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதும் அரண்மனைச் சம்பளத்தை நம்பியிருந்த பல பேரைப் போல இவரும் வெளியே வந்து, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊதத் தொடங்கினார். தலைப்பாகையை மட்டும் விடவில்லை. ஒரு நாள் குதிரை வண்டியிலிருந்து தவறி விழுந்து முன்பல் மூன்று போயின. முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. உதட்டுக்குப் பின்னால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் காற்றுதான் வரும். வேறு யாராக இருந்தாலும் வாத்தியத்தைக் கீழே வைத்திருப்பார்கள். இவர் வைக்கவில்லை. கன்னத்தை உப்பவைத்து, பொத்தான்களில் விரலை ஓட்டிக்கொண்டு, ஊதுவதுபோல நின்றார். அவர் இடத்தையும் சேர்த்து நான் வாசித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஜனங்கள் டிரம்பெட்டைக் கண்ணால் கேட்கிறவர்கள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த நாளில் எல்லாச் செட்டிலும் இது வழக்கம்தான். தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பேண்டுக்கு மதிப்பு என்பதால், வாசிக்கத் தெரியாத ஆட்களையும் பிடித்துவந்து, ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டை மாட்டி, கையில் ஒரு பித்தளையைக் கொடுத்து, "வாயில வச்சுக்க, ஊதிறாத" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். எங்களுக்குள் அவர்களுக்குப் பொம்மை என்று பெயர். பொம்மைகளுக்குப் பெரும்பாலும் டிரம்பெட்தான் கொடுப்பார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஐம்பதுகளின் நடுவில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு. எல்லாம் என் தலையில்தான். மாப்பிள்ளை வீடு திருமயம் பக்கம், நல்ல கிணற்றுப் பாசனம் உள்ள குடும்பம். நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னார்.

"எங்க பங்காளி வீட்டுக் கல்யாணத்துல பேண்டுல ஒரு டிரம்பெட்டு வந்துச்சு. நமக்கு ரெண்டு வேணும். அப்பறம் தம்பி, நீங்க அன்னைக்கு வாத்தியத்தத் தொடப்படாது. மாப்பிள்ளைக்கு மால போட்டு, மோதிரம் போட்டுக் கையப் பிடிச்சுக் கூட்டியாற மச்சான், கூலிக்கு ஊதுற ஆளுன்னு நாளைக்கு எவனும் பேசிறக் கூடாது பாருங்க. பேசுனா ஒங்க தங்கச்சிக்குத்தான் கேவலம். எங்க வீட்டுல அதுக்கு மரியாத இருக்காது."

என் கிளாரினெட் வாங்கிக் கொடுத்த நகைதான் அவள் கழுத்தில் கிடந்தது. அதைச் சொல்ல நாக்கு வரை வந்தது. கதவுக்குப் பின்னால் தங்கை நின்றாள். "சரிங்க" என்றேன்.

பேண்டு முதலாளியிடம் போய் நான் அன்று வாசிக்க முடியாது, எனக்குப் பதிலாக வேறொரு கிளாரினெட் வேண்டும் என்றேன். அவர் கையை ஆட்டிவிட்டார். "எதுக்குப்பா? திருச்சிப் பக்கமிருந்து புதுசா ஒரு டிரம்பெட்டுக்காரரு வந்திருக்காரு. ஆளப் பாத்தியா, மீசையப் பாத்தியா. அவரு ஒருத்தரே போதும். பழையவரு சும்மா கூட நிக்கட்டும்" என்றார். புதியவரை நான் பார்த்தேன். வாட்டசாட்டமான ஆள். அவர் ஊதி நானோ முதலாளியோ கேட்டதில்லை. முதலாளிக்கு மீசையே போதுமான சான்றிதழாக இருந்தது.

பிறகுதான் தெரிந்தது. புதியவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு பொம்மை. அரண்மனை ஆள் ஒருவர் இந்தச் செட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் நிழலில் காலத்தை ஓட்டிவிடலாம் என்று வந்தவர். பழையவரோ, இவ்வளவு பெரிய மீசைக்காரர் வந்திருக்கும்போது நமக்கென்ன கவலை என்று இருந்தார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. கேட்டால் மானம் போய்விடும் அல்லவா.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் தெரு முனைப் பிள்ளையார் கோயிலில் வந்து இறங்கினார்கள்; மாலை போட்டு அழைக்கும் வரை மாப்பிள்ளை மட்டும் காரிலேயே இருந்தார். நான் பட்டுக்கரை வேட்டியும் சந்தனமுமாக, மாலையும் மோதிரமும் வைத்த தட்டோடு நின்றேன். சிவப்புக் கோட்டுகள் வரிசை கட்டின; என்னை விட்டால் மற்றதெல்லாம் கொட்டும் பொம்மையும்தான். முன்னால் இரண்டு டிரம்பெட். சைடு டிரம்காரன் கடகடவென்று ஓர் உருட்டு உருட்டி நிறுத்தினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாத்தியத்தைத் தூக்கினார்கள். கன்னங்கள் உப்பின. விரல்கள் ஓடின. சத்தம் வரவில்லை.

பழையவர் ஓரக்கண்ணால் புதியவரைப் பார்த்தார். புதியவர் பழையவரைப் பார்த்தார். இறக்கினால் குட்டு உடைந்துவிடும் என்று இருவரும் இன்னும் மும்முரமாக ஊதினார்கள், அதாவது ஊதவில்லை. பெரிய டிரம்காரன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தொம் தொம் என்று அடித்துக்கொண்டிருந்தான்.

வெறும் கொட்டுச் சத்தம் எங்கள் பக்கத்தில் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் தாய்மாமன் முகம் கறுத்துவிட்டது. "என்னங்க இது, கல்யாணமா எழவா?" என்றார். கூட்டம் சலசலத்தது. மாப்பிள்ளையின் அப்பா கார்க் கதவில் கையை வைத்துக்கொண்டு, இறங்கப்போன மகனைப் பார்த்து, "இறங்காதடா. மொத அடியிலயே அபசகுனம். வண்டியத் திருப்பச் சொல்லு" என்றார்.

வண்டி திரும்பினால் என் தங்கை மணை வரை வந்து கல்யாணம் நின்றுபோன பெண்ணாகிவிடுவாள். பிறகு எவன் வருவான்? தட்டைப் பக்கத்தில் நின்ற ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கையில் திணித்தேன். வாத்தியப் பெட்டிகள் இருந்த ஜட்காவுக்கு ஓடி, வழக்கம்போல செட்டோடு வந்திருந்த என் கிளாரினெட்டை எடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த இரண்டு பித்தளைகளுக்கும் பின்னால் நின்று வாசித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வாசித்ததில்லை. கோபத்தில் வாசித்தேன்.

மாப்பிள்ளை இறங்கினார். ஊர்வலம் நகர்ந்தது. இரண்டு பொம்மைகளுக்கும் உயிர் வந்துவிட்டது. புதியவர் இடுப்பை வளைத்து வாத்தியத்தை வானத்துக்குத் தூக்கினார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோய், தன் தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து அந்த மீசைக்காரரின் கழுத்தில் போட்டார். "டிரம்பெட்டுன்னா இதுல்ல" என்று பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார். நான் ஓர் அடி பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு மாலையும் மோதிரமும் சித்தப்பா போட்டார்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். மாப்பிள்ளை, பெண், இரண்டு வீட்டுப் பெரியவர்கள். நான் மச்சான் என்ற முறையில் போய் உட்காரக் குனிந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என் முகத்தைப் பார்க்காமல், பரிமாறுகிறவரிடம், "பேண்டுக்காரங்களுக்கெல்லாம் கடைசிப் பந்தி" என்றார். மீசைக்காரரை மட்டும், துண்டு போட்ட மரியாதைக்காகவோ என்னவோ, கையைப் பிடித்து அழைத்துக் காலியாக இருந்த அந்த இலையில் உட்காரவைத்தார். அந்த ஆளும் கூசாமல் உட்கார்ந்தார். ஒரு சொல் சொன்னாலும் அது தங்கை தலையில் விடியும் என்று கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்று அம்மாதான் பிறகு சொன்னாள். தங்கை இலையில் கை வைக்கவில்லை. மாமியார் கேட்டாள், மாமனார் கேட்டார். குனிந்த தலை நிமிராமல், "நான் அப்பறமாச் சாப்புடுறேன். நீங்க சாப்புடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

வெயில் ஏறிய பிறகு கடைசிப் பந்தி போட்டார்கள். சிவப்புக் கோட்டுகளுக்கு நடுவே, நமத்துப்போன அப்பளமும் ஆறிய சாம்பாருமாக இருந்த இலையின் முன் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் கூறைப்புடவை சரசரத்தது. கழுத்தில் புதுத் தாலியோடு என் தங்கை சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பரிமாறுகிறவர் திகைத்து நின்றார். வாசல் நிலையில் அவள் மாமனார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இப்புடிப் பண்ணுற? அவுக என்ன நெனப்பாக? எந்திரிச்சுப் போ" என்றேன் மெதுவாக.

அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். மாமனாருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"எனக்கு வாசிச்சது எங்கண்ணன்தான். அங்கிட்டு உள்ள இருக்கும்போதே சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு. சோறு போடுங்க."