யாருக்கும் காயமில்லாத தோட்டம்

ஐம்பதுகளின் நடுவில், மாநிலங்களைப் பிரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அப்போது போடிமெட்டைத் தாண்டினால் திருவிதாங்கூர்-கொச்சி. நானும் என் மனைவியும் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் போய், அந்தப் பக்கத்துச் சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தோம்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது, பயப்படுவது மட்டும் மறக்கவில்லை. ஜீப்பில் ஏறினால் பள்ளம் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன். அடுத்த வளைவில் பள்ளம் இந்தப் பக்கம் வந்துவிடும் என்பது ஏறிய பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பெரட்டு என்று ஆள் எண்ணி வேலை பிரிப்பார்கள். அப்போது முந்தின நாள் அடிபட்டவர்களும், அடிபட இருந்து தப்பியவர்களும் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். கங்காணி அப்படிப் பழக்கி வைத்திருந்தார். கத்தி கை தவறியது, கல் உருண்டது, ஓடைப் பாலத்தில் பலகை ஆடியது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒருத்தி கால் வழுக்கியதைச் சொன்னால், "பாசியப் பாத்து வழுக்குச்சா, ஒம் மாப்ளயப் பாத்து வழுக்குச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். சிரிப்பு அடங்கியதும் கங்காணி அந்த இடத்துக்கு ஆள் அனுப்புவார். அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் எங்களுடையதை 'ஒப்பாரித் தோட்டம்' என்றே கேலி செய்வார்கள்.

எனக்கோ அது தாங்கவில்லை. தினமும் விடிந்ததும் இத்தனை ஆபத்தையும் காதால் கேட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது? அதுவும் அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை.

அடுத்த மேட்டில் இன்னொரு தோட்டம் இருந்தது. வருஷம் முழுக்க ஒருவருக்கும் காயம் படவில்லை என்றால், பொங்கலுக்கு அத்தனை பேருக்கும் முதலாளி வேட்டி சேலை எடுத்துத் தருவார். பல வருஷமாக விட்டுப்போகாமல் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு சிராய்ப்புகூட இல்லாத இடம்! மனைவிக்கு மனசில்லை. நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பெரட்டு கோயில் மாதிரி அமைதியாக நடந்தது. பேரைக் கூப்பிடுவார்கள், போவோம். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாளில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் துணி சுற்றிய காலோடு விடியற்காலையில் மலையிறங்கிப் போவதைப் பார்த்தேன். கேட்டதற்கு, ஊரில் கோயில் கொடை என்றார். கத்தி பட்டிருக்கிறது என்று அவர் மனைவிதான் என் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தர் காலால் எல்லோருடைய சேலையும் போய்விடக் கூடாதே.

அப்புறம்தான் அந்தக் கொம்பைப் பார்த்தேன். ஆடிக் காற்றில் முறிந்த பெரிய கொம்பு, கீழே விழாமல் பக்கத்து மரத்தின் கவட்டையில் சிக்கி நின்றது. கொம்பு என்றா சொல்வது, அதுவே ஒரு மரம். அதன் அடியில்தான் பெண்கள் குத்தவைத்து ஏலக்காய் எடுப்பார்கள். நான் அங்கத்துக் கங்காணியிடம் போய்ச் சொன்னேன்.

"ஏப்பா, இம்புட்டு நாளா யாரு தலையிலயாச்சும் விழுந்திருக்கா? இல்லைல்ல? பெறகென்ன, வெரசா சோலியப் பாரு" என்றார்.

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வழக்கம்போல நான்தான் பயந்து சாகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள், மழை விட்ட நேரம். ஆண்கள் நாங்கள் சற்று மேலே பாதையைச் சரிசெய்துகொண்டிருந்தோம். கீழே கொம்புக்கு நேர் அடியில் என் மனைவியும் மற்ற பெண்களும் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு பெண் குதித்தாள். ரவிக்கைக்குள் அட்டை புகுந்துவிட்டதாம். மேலேயிருந்து நாங்கள் பார்க்கிறோம் என்று, மற்றவர்கள் அவளை நடுவில் விட்டு வளைத்து நின்று மறைத்தபடியே பாறைக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். "அட்டைக்கு இருக்கிற யோகத்தப் பாருங்கடா" என்று ஒருவன் சொல்ல, நாங்கள் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே மலையே முறிவதுபோல் சத்தம் கேட்டது.

கொம்பு வந்த வேகத்தில் பக்கத்துக் கிளைகளையெல்லாம் பிய்த்துக்கொண்டு இறங்கியது. காலடி மண் அதிர்ந்தது. அதற்கப்புறம் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. எப்போதும் இருட்டாகக் கிடக்கும் அந்த ஏலக்காட்டில், மேலே விழுந்த ஓட்டை வழியாக ஒரு தூண் மாதிரி வெயில் இறங்கி நின்றது. அந்த வெளிச்சத்தில் ஈரப் புகையும் தூசியும் மெல்லச் சுழன்றன. பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏலச்செடி இல்லை. கூடைகள் மண்ணுக்குள் அழுந்திக் கிடந்தன. பாறைக்குப் பின்னாலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த வெயிலில் நின்றார்கள். என் மனைவி கடைசியாக வந்தாள், கை வயிற்றின்மேல். எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கங்காணி வந்து எங்களை எண்ணிப் பார்த்தார். அட்டைக் கடியில் அந்தப் பெண்ணுக்குக் கசிந்த ரத்தம் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. "சாமி காப்பாத்துச்சு. காயமில்லைல்ல, கலைங்க" என்றார். அவ்வளவுதான். அந்தத் தோட்டத்துக் கணக்கில் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பொங்கல் துணிக்கும் பழுதில்லை. எங்கள் எல்லோர் பக்கத்திலும் சாவு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது, அதை எந்த விரலை மடக்கி எண்ணுவது?

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து மனைவி சொன்னாள்: "ஏங்க, நம்ம பழைய தோட்டத்துக்கே போயிருவோம். அங்கன பயந்தா வாயத் தொறந்து சொல்லவாச்சும் செய்யலாம்."

போனோம். மறுநாள் பெரட்டில் நான் நடந்ததைச் சொன்னேன். அடுத்த தோட்டத்துச் சங்கதிதானே என்று யாரும் தட்டவில்லை. கேலிகூட எழவில்லை. கங்காணி வேலை பிரிக்காமல், அவரவர் எடுக்கிற இடத்துக்குப் போய் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். பனி விலகாத அந்தச் சரிவில், மரத்துக்கு மரம் ஆளாளுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து ஆகாயத்தைப் பார்த்து நின்றார்கள். நான் மட்டுமே பயப்படுகிறேன் என்று வாழ்நாளெல்லாம் நினைத்திருந்தவனுக்கு, ஒரு மலையே என்னோடு சேர்ந்து பயந்த காலை அது.

மாசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். இப்போதும் யாராவது "இங்கே ஒருநாளும் ஒன்றும் நடந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்லக் கேட்டால், அந்த ஓட்டை வழியாக இறங்கிய வெயில் என் பிடரியில் சுடுகிற மாதிரியே இருக்கிறது.