நூற்று முப்பத்தேழு

மலேசியாவில், கூலிம் தொழிற்சாலையில் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த அதிகாரி அவர். மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜைத் தடவிக்கொண்டே இருப்பார்.

ரசாயனத் தொட்டியின் அளவுமானியில் ‘சீசியம்-137’ என்றிருந்தது. அதைத் துடைக்கும் அக்கா கேட்டார்.

“அண்ணே, இந்த நூத்தி முப்பத்தேழு என்னாண்ணே?”

“மாடல் நம்பர்லா. தொடச்சிட்டுப் போங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அணுக்கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்தம். சாதாரண சீசியத்துக்கு 133தான். நான்கு நியூட்ரான் கூடிப்போய், நிலைகொள்ளாமல் கதிர்வீச்சைக் கக்குகிறது இது; அந்தக் கதிரை வைத்துத்தான் அளவுமானி தொட்டியின் மட்டத்தை அளக்கிறது.

“சார், அது கதிர்வீச்சு சார்!” என்றேன்.

“சும்மா ஆளுங்கள பயமுறுத்தாதம்மா.”

அவர் தடவிய பேட்ஜ், உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது. அக்காவுக்கு அது கிடையாது. வெறும் மாடல் நம்பருக்கு அவர் ஏன் அதைக் குத்திக்கொண்டு வந்தார்?