ஒரு கோணிக்கு இரண்டு ஊசி

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். மறதியும் வந்துவிட்டது, நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இது மட்டும் அப்படியே நிற்கிறது.

சிங்கப்பூரில் தமிழர்கள் நிறைந்த தேக்காவில், கால்வாய் ஓரமாக ஒரு கோணிக் கொட்டகை இருந்தது. பழைய அரிசிக் கோணிகளைத் தைத்துக் கொடுப்போம். அவற்றில் கொப்பரை கட்டிக் கப்பலேற்றுவார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒரு கோணிக்கு இருவர் என்பது அங்கே வழக்கம். எதிரெதிரே உட்கார்ந்து, இருவர் மடியிலும் கோணியை விரித்து, ஆளுக்கொரு முனையிலிருந்து தைத்துக்கொண்டு வருவோம். நடுவில் ஊசிகள் சந்திக்கும்.

எனக்கு எதிரே இருந்தவளை அக்கா என்பேன். கல்யாணமாகிக் கப்பலேறி வந்த எனக்கு இந்தச் சிங்கப்பூரில் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் விடியுமுன் துறைமுகத்துக்குப் போவார்; வந்தால் தூங்கிவிடுவார். மற்றவர்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது.

"ஊரே இவள ஊமைங்குது. எங்காதுல மட்டும் ரயிலு ஓட்டுறா" என்று அக்கா சிரிப்பாள்.

ஒரு புதன்கிழமை முதலாளி வந்தார். நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். இந்த ஊர் மலாய்க்காரர்களின் 'லா' அவர் பேச்சிலும் ஒட்டியிருந்தது. குவிந்து கிடந்த கோணிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"என்னம்மா, ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தொட்டில் ஆட்டுறீங்களா? சனிக்கிழமை காலையில கப்பல் லா. அதுக்குள்ள முடியலன்னா கொட்டகைய மூடிட்டு வேற எடத்துல குடுத்துடுவேன்."

கொட்டகையை மூடினால் அக்காவை நான் எங்கே பார்ப்பேன்? அன்று தைத்துக்கொண்டே கவனித்தேன். தைக்கிற நேரம் கொஞ்சம்தான். ஒவ்வொரு ஜோடியும் எழுந்து போய்க் கோணி எடுத்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடி, கிழிந்த கோணியிலிருந்து ஒட்டுத்துண்டு வெட்டி, அப்புறம் ஒருத்தி முடிக்க மற்றவள் காத்திருந்து... பொழுது அதிலேயே போனது. அக்கா காதில் சொன்னேன்:

"ஒருத்தி உதறட்டும்க்கா. ஒருத்தி வாசல் வெளிச்சத்துல பாத்து, ஓட்டையச் சுத்திக் கரியால வட்டம் போடட்டும். ஒருத்தி ஒட்டு வெட்டட்டும். மத்தவங்க எழுந்திரிக்காம தனித்தனியாத் தைக்கட்டும்."

அக்கா நேரே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

"ஊமையா சொன்னா? அப்ப மழைதான் இன்னிக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

முதலாளி சிரிக்கவில்லை. "சரிதான். அந்தப் புள்ளையே வாசல்ல ஒக்காரட்டும். நல்ல கண்ணு."

தனித்தனியாக என்று என் வாயால்தான் சொன்னேன். அதில் நானும் அக்காவும் உண்டு என்று அப்போது தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கட்டும் மாட்டுவண்டியில் ஏறியது. கொட்டகை பிழைத்தது. திங்கட்கிழமை நான் பழையபடி அக்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அங்க எதுக்கும்மா? இனிமே இப்படியேதான்" என்றார் முதலாளி.

"போ புள்ள, கூப்புடு தூரந்தானே" என்றாள் அக்கா.

கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிட்டுப் பேச எனக்கு ஏது வாய்? வாசலில் கோணியை முகத்துக்கு நேரே பிடித்து வட்டம் போடுவேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் வட்டம் போட்டதில் எது அவள் மடிக்குப் போகிறது என்று தெரியாது.

சில மாதம் கழித்து, அவள் புருஷனுக்குத் தீவின் மேற்குக் கோடியில் ஜூரோங் ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. போகிற அன்று வாசலில் நின்று, "வரேன் புள்ள" என்றாள். அவளை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோணியை முகத்திலிருந்து இறக்கவில்லை.

கொட்டகை கால்வாய்க்கு எந்தக் கரையில் இருந்தது, கப்பல் சனிக்கிழமைதானா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். ஜூரோங் தோட்டத்தில் இருந்தவர்கள் யாராவது படித்தால், கோணி தைத்த அந்த அக்கா என்னைப் பற்றி ஏதும் சொன்னாளா என்று எழுதுங்கள்.