இருபது சென் காசால் தட்டியவர்

புக்கிட் ரம்பாயில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் அவர். ஒட்டிய இடத்தை இருபது சென் காசால் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். பாதிப் புருவம் தீப்பொறியில் போயிருந்தது. தொண்ணூறுகளில் நான் வீட்டிலேயே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய இன்ஜின் மாற்றினேன். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒட்டித் தந்தவர் அவர்தான். என் பங்கு, டார்ச்லைட் பிடித்தது.

கோயிலில் பூசை போட்டு, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கூட்டத்தில் ஒருவர், "வெல்டிங் யாரு?" என்றார்.

"வேற யாரு, நாந்தான்லா!" என்றேன். திரும்பினால் பட்டறைக்காரர் நிற்கிறார், கையில் அர்ச்சனைத் தட்டோடு.

தட்டை வைத்துவிட்டுக் குனிந்து, காசால் தட்டினார். "நல்லா ஒட்டியிருக்கீங்க தம்பி. இடது பக்கம் மட்டும் சத்தம் சரியில்ல. பழத்தை நசுக்கிட்டு மெதுவா வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டாங்க."

மறுநாள் போனேன். இடது பக்கத்தை மறுபடி ஒட்டினார்; கோயில் பேச்சையே எடுக்கவில்லை. தட்டிப் பார்த்து, "இப்ப சரி" என்றார். என் காதுக்கு இரண்டு சத்தமும் ஒன்றுதான். அங்கே உண்மையிலேயே குறை இருந்ததா, இல்லை நான் வாய் திறந்து தப்பை ஒத்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா, இன்றுவரை தெரியவில்லை. ஊர் கேட்கப் பீற்றிக்கொண்ட நான், அன்றும் டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.